ஒரு திங்கள் போரும் ஐந்தாண்டுக் கட்டளையும்

முல்லையாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், உத்தமபாளையத்தில், 1956ஆம் ஆண்டு ஒரு கல்லூரி எழுந்தது. ஆசி கருத்த இராவுத்தர் அவுதியா கல்லூரி என்பது அதன் பெயர். அதற்கு முன்னர்க் கூடலூரிலும் கம்பத்திலும் கோம்பையிலும் தேவாரத்திலும் பிறந்த உழவன் மகன் பள்ளியிறுதிக்கு மேல் கற்க விரும்பினால் மதுரைக்குப் போதல் வேண்டும். மதுரையில் தங்கி உண்ணக் கைப்பொருள் வேண்டும். அஃது இல்லாதவன் ஏட்டை மூடிவைத்துவிட்டு ஏரைப் பிடித்தான். அல்லது மலையேறி ஏலத்தோட்டத்தில் கூலியானான். அத்தகையோர் வாயிற்படியிலேயே கல்லூரியைக் கொண்டுவந்து வைத்தது அரசன்று. ஒரு வணிகப் பெருமகனின் கொடை. பெரியகுளத்துச் செயராசு அன்னபாக்கியம் மகளிர் கல்லூரி 1971இலும், போடிநாயக்கனூரில் ஏலத்தோட்டக்காரர் சங்கத்தின் கல்லூரி 1974இலும் பின்னர் வந்தவை.

கல்லூரி திறந்த அதே 1956இல், நவம்பர் முதல் நாள், தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தோடு சேர்க்கப்பட்டன. கல்லூரித் திடலில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைத்தொடரின் அப்புறம் அயல்மாநிலம் ஆயிற்று. அந்த இழப்பின் கதை வேறு. அதனைத் தனியே எழுதுதல் தகும். ஒருகையால் கல்வி பெற்ற ஆண்டிலேயே மறுகையால் நிலம் இழந்த பள்ளத்தாக்கு இஃது என்பதை மட்டும் இங்கு மனத்தில் கொள்க.

இப்பள்ளத்தாக்கின் படிப்பில் போர் கைவைத்தது 1962இல்தான் முதன்முறை என்று எண்ணற்க. மதுரையிலிருந்து போடிக்கு 1928இல் இருப்புப்பாதை திறந்தனர். இரண்டாம் உலகப்போர் மூண்டதும், போருக்கு இரும்பு வேண்டுமென்று அப்பாதையின் தண்டவாளங்களையே பெயர்த்தெடுத்துக்கொண்டு போயினர். போர் 1945இல் முடிந்தது. தொடர்வண்டி மீண்டும் போடிக்கு வந்து சேர 1950களின் நடுப்பகுதி ஆயிற்று. போர் வெள்ளையனுடையது, நடந்துபோனவன் தமிழன்.

ஆனால் அதே போரில் இன்னொன்றும் நிகழ்ந்தது. 1938இல் இராசாசி அமைச்சரவை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாழ்வில் உயிர்நீத்தனர். அவ்வாண்டு செப்தம்பரில் இந்தியத் தலைவர் எவரையும் கேளாமல் இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வெள்ளை ஆள்பதி அறிவித்தார். அதனை எதிர்த்துப் பேராயக் கட்சி அமைச்சரவைகள் அக்தோபரில் பதவி விலகின. 1940 பிப்பிரவரி 21ஆம் நாள் சென்னை ஆளுநர் கட்டாய இந்தியை நீக்கினார். முதற் போர்க்காலம் இந்தியை வெளியேற்றியது. இரண்டாம் போர்க்காலம் இந்தியைக் கல்லூரித் திடலுக்குள் கொண்டுவந்தது. ஆகவே, ‘போர் வந்தால் இவையெல்லாம் வரத்தான் செய்யும்’ என்று கூறுவோர் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது. போர்க்காலத்தில் கல்விக்கூடத்துள் எது நுழைய வேண்டும் என்பதைப் போர் முடிவு செய்வதில்லை. ஆள்வோரே முடிவு செய்கின்றனர்.

இனி அந்த இரண்டாம் போர்க்காலத்திற்கு வருவோம்.

1962 அக்தோபர் 20ஆம் நாள் சீனப்படை எல்லை கடந்தது. 26ஆம் நாள் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை அறிவித்தார். நவம்பர் 21ஆம் நாள் சீனா தானாகவே போரை நிறுத்தியது. போர் நடந்தது ஏறத்தாழ ஒரு திங்கள். நெருக்கடி நிலை அறிவித்த இருபத்தாறாம் நாள் பீரங்கி ஓய்ந்துவிட்டது. ஆனால் நெருக்கடி நிலை எப்பொழுது ஓய்ந்தது? 1968 சனவரி 10ஆம் நாள்! ஐந்து ஆண்டு, இரண்டு திங்கள், பதினைந்து நாள்! 1962இல் உத்தமபாளையத்தில் புகுமுக வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவன் அவ்வகுப்பை முடித்து, மூன்றாண்டு இளங்கலையும் முடித்து, பட்டம் பெற்று, வேலையும் தேடிக்கொண்டிருந்த காலம்வரை, சட்டத்தின் பார்வையில், அவன் போர்க்களத்துக் குடிமகனாகவே இருந்தான்.

போர் தொடங்கியதும் நாடெங்கும் பாதுகாப்பு நிதி திரட்டப்பட்டது. பொன் கேட்டனர், கொடுத்தனர். தமிழன் எங்கும் எதிலும் கொடுப்பதில் குறை வைத்தவன் அல்லன். அறிஞர் அண்ணா தனிநாட்டுக் கிளர்ச்சியையே ஒத்திவைத்து, போர் முயற்சிக்குத் துணை நிற்பதாக அறிவித்தார். அந்த நல்லெண்ணத்திற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1963 மே திங்களில், நெருக்கடி நிலை நடப்பில் இருக்கும்பொழுதே, ஆட்சிமொழிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1965க்குப் பின் ஆங்கிலம் ‘தொடரலாம்’ என்று அதில் எழுதினர். ‘தொடரும்’ என்று எழுத மறுத்தனர். ஒரு வினைமுற்றின் ஈற்றில் ஒரு நாட்டின் எதிர்காலம் தொங்கியது. இலக்கணம் கற்று என்ன பயன் என்று கேட்கும் மாணவர்க்குத் தமிழாசிரியர் எடுத்துக்காட்ட இதனினும் சிறந்த சான்று வேண்டா. அதே ஆண்டு அக்தோபரில், பிரிவினை பேசுவோர் தேர்தலிலேயே நிற்கவியலாதபடி அரசமைப்பின் பதினாறாம் திருத்தமும் வந்தது.

கல்லூரிக்குள் வந்தது மூன்றாவது. அதுதான் இக்கட்டுரையின் பொருள்.

தேசிய மாணவர் படை என்று அரசு ஏட்டில் எழுதப்படும் அமைப்பு 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றியது. விரும்பியவர் சேர்வர், விரும்பாதவர் விலகுவர். சீனப் போருக்குப் பின், 1963 முதல், கல்லூரியில் பயிலும் உடல்வலிமையுள்ள ஆண் மாணவர் அனைவர்க்கும் அது கட்டாயம் ஆக்கப்பட்டது. மாநகரத்துப் பெருங்கல்லூரியும் அதற்கு உட்பட்டது. மலையடிவாரத்துச் சிறு கல்லூரியும் உட்பட்டது. பெருங்கல்லூரியில் நூறு வேலைகளுக்கிடையே இஃதும் ஒரு வேலை. சிறு கல்லூரியில் நிலை வேறு. அங்கே ஆசிரியர் சிலர், திடல் ஒன்று, மாணவரோ நெல்வயலிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் காலையில் வந்து மாலையில் திரும்புவோர். முல்லைப்பெரியாற்று நீரால் 14,707 ஏக்கரில் இருபோகம் விளையும் பள்ளத்தாக்கில், நடவும் அறுப்பும் வீட்டு ஆண்மக்களின் கையை எதிர்பார்ப்பன. அந்த மாணவனின் நேரத்தை எடுத்துக்கொண்டது போர்.

நேரம் போனதும் பெரிதன்று. உடற்பயிற்சி தீதும் அன்று. காலையில் எழுந்து வரிசையில் நின்று கைவீசி நடத்தல் இளைஞர்க்கு நன்மையே தரும். துப்பாக்கியின் பகுதிகளை அறிந்துகொள்வதும் அறிவே. அவன் திடலில் நின்றபொழுது அவன் காதில் விழுந்த சொல் எது என்பதே வினா. ‘சாவ்தான்!’ ‘விசுராம்!’ ‘தாகினே முட்!’ ‘பாயே முட்!’ ‘தேசு சல்!’ ‘தம்!’ இவை அவன் தாய் கூறிய சொற்கள் அல்ல. அவன் ஆசிரியர் கற்பித்த சொற்களும் அல்ல. பொருள் அறியாமலேயே உடம்பு கீழ்ப்படிய வேண்டும். எந்த மொழியை அவன் தந்தையும் அண்ணனும் வேண்டாவென்று மறுத்தனரோ, அந்த மொழியின் ஒலிக்கு அவன் கால் தானே எழ வேண்டும். பாடநூலில் வைத்த இந்தியைப் படிக்காமல் விடலாம். தேர்வில் வெறுந்தாளை நீட்டலாம். திடலில் கூறப்படும் இந்திக்கு நின்றே ஆகவேண்டும், திரும்பியே ஆகவேண்டும். மறுத்தால் அது மொழிப்பற்று எனப்படாது; ஒழுங்கின்மை எனப்படும். போர்க்காலத்தில் ஒழுங்கின்மைக்கு இன்னொரு பெயரும் உண்டு: நாட்டுப்பற்று இன்மை!

கல்லூரியின் உள்ளே, தமிழ்ப் பாடவேளையில் என்ன கற்பிக்கப்பட்டது? புறத்திணை. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று போரின் ஒவ்வொரு நிலைக்கும் பெயரிட்டு, பூச்சூட்டி, துறை வகுத்து, இலக்கணம் எழுதிய இனம் உலகில் எத்தனை உண்டு? போர் தொடுக்குமுன் ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் மக்கட்பேறு இல்லாதாரும் பாதுகாப்பான இடம் சேர்க என அறம் உரைத்துப் போருக்குச் சென்ற பாண்டியனை நெட்டிமையார் பாடிய பாட்டு புறநானூற்றில் உண்டு. (1963ஆம் ஆண்டு ஆணையும் பெண்டிரையும் பிணியாளரையும் விலக்கியது, அந்த அளவில் அது பாண்டியன் நெறியைப் பின்பற்றியது எனலாம்!) அப்பாட்டை முற்பகலில் பொருள் விரித்துக் கேட்ட மாணவன், பிற்பகலில் திடலுக்குப் போய் ‘விசுராம்’ என்றதும் கால் அகற்றி நின்றான். போரிலக்கணம் வகுத்த மொழிக்கு, ‘நில்’ என்று சொல்லும் தகுதி இல்லை என்று அவனுக்கு நாள்தோறும் சொல்லாமல் சொல்லப்பட்டது. அதனை மறுத்துரைக்க வேண்டிய தமிழாசிரியர் வாய் எப்படிக் கட்டப்பட்டிருந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இங்கே மறுப்போர் இருவர் எழுவர்.

ஒருவர் கூறுவார்: “உத்தமபாளையத்தில் குண்டா விழுந்தது? யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1987 அக்தோபரில் பல்கலைக்கழக வளாகத்திலேயே இந்தியப் படை வானூர்தியில் வந்து இறங்கியது. 1995 அக்தோபர் 30ஆம் நாள் ஊரே வெளியேறியபொழுது ஆசிரியரும் மாணவரும் ஏட்டையும் விட்டுவிட்டு நடந்தனர். அதுவன்றோ போர்க்காலக் கல்வி?” உண்மை. அந்தத் துயரின் பக்கத்தில் வைத்து இதனை அளப்பார் எவரும் இலர். அங்கே போர் கட்டடத்தை இடித்தது. எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. இங்கே போர் ஓசையின்றி வந்தது. ஓர் ஆணைத்தாளாக வந்தது. கண்ணுக்குத் தெரியாததனாலேயே அதனை எழுதிவைக்க வேண்டியுள்ளது.

மற்றவர் கூறுவார்: “படை என்றால் ஒரே கட்டளை மொழி வேண்டாவா? பல மொழியினர் ஓரணியில் நிற்கும்பொழுது ஆளுக்கொரு மொழியில் கட்டளையிட முடியுமா?” இவர் வினா முந்தையதினும் வலிது, ஆகலின் சற்று நின்று விடையிறுத்தல் வேண்டும். முதலாவது, உத்தமபாளையத்துத் திடலில் நின்றவர் பல மொழியினர் அல்லர். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுவார் சிலர் இருந்திருப்பினும், தமிழ் அறியாதார் அங்கு எவர்? கட்டளையிட்டவர்க்கும் கேட்டவர்க்கும் பொதுமொழி தமிழே. அவர்கள் படைவீரரும் அல்லர், மாணவர். இரண்டாவது, பல மொழி கொண்ட நாடுகள் தத்தம் படைகளை எவ்வாறு நடத்தின என்று இவர் பார்த்ததுண்டா? சுவிட்சர்லாந்தில் செருமன் மொழியினர்க்குச் செருமனிலும், பிரெஞ்சு மொழியினர்க்குப் பிரெஞ்சிலும், இத்தாலிய மொழியினர்க்கு இத்தாலியத்திலும் கட்டளை. அந்நாடு உடைந்துபோகவில்லை. பழைய ஆத்திரிய-அங்கேரிப் பேரரசின் பொதுப்படையில் எண்பது அளவான கட்டளைச் சொற்கள் மட்டும் செருமன் மொழியில் இருந்தன. மற்றைப் பயிற்சியெல்லாம் அந்தந்த அணியினர் தாய்மொழியில் நடந்தது. அந்த எண்பது சொல்லையும் பொறாமல், பெயர் அழைத்தபொழுது செருமனில் விடை கூற மறுத்துத் தம் மொழியில் ‘இங்கே’ என்று செக் வீரர்கள் கூறினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வொரு சொல் பேரரசையே கலக்கியது. அந்தப் பேரரசு 1918இல் இல்லாமற் போயிற்று. எண்பது சொல் சிறியது என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்க.

பெல்சியத்தின் கதை இன்னும் அணுக்கமானது. முதல் உலகப்போரில் பிளெமிய வீரர்க்குப் பிரெஞ்சு மொழியில் கட்டளையிட்டனர் மேலதிகாரிகள். தாம் அறியாத மொழியில் ஆணை பெற்று அகழியில் மாண்டவர்களின் நினைவு, போர்முனையிலேயே ஒரு மொழியியக்கத்தை ஈன்றது. அப்போரின் நடுவே, 1916இல், கெண்ட் நகரத்துப் பல்கலைக்கழகத்தை நெதர்லாந்து மொழிக்கு மாற்றினர், நாட்டைப் பிடித்திருந்த செருமானியர். பகைவன் கையால் வந்த உரிமை பகைவனோடு போயிற்று. 1918இல் மீண்டும் பிரெஞ்சு வந்தது. ஆயினும் பிளெமியர் ஓயவில்லை. 1928இல் படையில் மொழிவழி அணிகளுக்குச் சட்டம் பெற்றனர். 1930இல் கெண்ட் பல்கலைக்கழகத்தைத் தம் மொழிக்கே முழுதாக மீட்டனர். படைத்திடலின் மொழியும் வகுப்பறையின் மொழியும் ஒரே கயிற்றின் இரு முனை என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒருமுனையைப் பிடித்தவர் மறுமுனையை விடவில்லை. நாம் என்ன செய்தோம் என்பதற்குப் பின்னர் வருவோம்.

இனி, தமிழாசிரியர் வாய்.

நெருக்கடி நிலை அறிவித்த கணத்திலேயே, அரசமைப்பின் 358ஆம் உறுப்பின்படி, பேச்சுரிமையும் எழுத்துரிமையும் கூட்ட உரிமையும் தம் வலிமை இழந்தன. 359ஆம் உறுப்பின்கீழ்ப் பிறந்த ஆணை, பாதுகாப்புச் சட்டத்தால் சிறைப்பட்டோர் தம் அடிப்படை உரிமைக்காக வழக்குமன்றம் செல்லும் வழியையும் அடைத்தது. 1962ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்புச் சட்டம் வழக்கு உசாவல் இன்றியே ஆளைச் சிறைவைக்க இடந்தந்தது. சீனனைப் பிடிக்க வந்த சட்டம் இது. அது பிடித்தவர் யார்? 1965 பிப்பிரவரியில் கலைஞர் கருணாநிதியைப் பிடித்துப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்தது அச்சட்டந்தான். இமயத்தில் நுழைந்த பகைவனுக்கென்று வெட்டிய குழியில் தமிழ் தமிழ் என்றவன் விழுந்தான். இந்நிலையில், தனியார் கல்லூரி ஒன்றில், நிலையான பணியென்று உறுதியில்லாத ஓர் ஆசிரியர், ‘மாணவர்காள், இக்கட்டளை நம் மொழியில் இருத்தல் வேண்டும்’ என்று வகுப்பில் கூறுவதற்கு எத்தகைய நெஞ்சுரம் வேண்டும் என்பதைச் சம்பளம் வாங்கிப் பிழைப்போர் அறிவர். கூறாதவரைக் குறை கூறுதல் எளிது. குறைக்கு உரியவர், கூறவியலாத காலத்தை ஐந்தாண்டு நீட்டித்தவர்.

ஆசிரியர் பேசாத இடத்தில் மாணவர் பேசினர். 1964 சனவரி 25இல் திருச்சியில் கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தம்மைத் தீக்கிரையாக்கிக்கொண்டார். சரியாக ஓராண்டு கழித்து, 1965 சனவரி 25ஆம் நாள் மதுரையில் மாணவர் ஊர்வலம் தாக்கப்பட்டது. அங்கே பற்றிய தீ மாநிலமெங்கும் பரவிற்று. 27ஆம் நாள் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர் குண்டுக்கு இரையானார். மார்ச்சுத் திங்களில் மாயவரத்துக் கல்லூரி மாணவர் சாரங்கபாணி தீக்குளித்தார். கல்லூரிகளும் பள்ளிகளும் மூடப்பட்டன. எழுபதின்மர் அளவில் இறந்ததாக அரசு கணக்குக் கூறியது; மக்கள் கூறிய கணக்கு அதனினும் பன்மடங்கு. நடுவணமைச்சர் சி. சுப்பிரமணியமும் அழகேசனும் பதவி விலகக் கடிதம் தந்தனர். பிப்பிரவரி 11ஆம் நாள் வானொலியில் தலைமையமைச்சர் சாத்திரி, ஆங்கிலம் தொடரும் என்று வாய்மொழி தந்தார்.

இதிலொரு முரண்சுவை உண்டு. கட்டாயப் பயிற்சியால் மாணவர்க்கு வரிசையில் நிற்கவும், ஒருங்கே அடியெடுத்து வைக்கவும், தலைவன் சொற்கேட்டு நடக்கவும் கற்பித்தவர் நடுவணரசினரே. எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்பதைமட்டும் மாணவர் தாமே முடிவு செய்துகொண்டனர்.

அந்த வாய்மொழியைச் சட்டமாக்குக என்று கேட்டுக்கொண்டிருக்கும்பொழுதே, அவ்வாண்டு ஆகத்திலும் செப்தம்பரிலும் பாக்கித்தானோடு போர். செப்தம்பர் 23இல் போர் நின்றது. நெருக்கடி நிலையோ நிற்கவில்லை. ஒரு போர் முடிந்தபின்னும் விடாத பிடிக்கு இன்னொரு போர் காரணம் தந்தது.

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் இணைந்திருந்த உத்தமபாளையத்துக் கல்லூரி மதுரைக்கு மாறியது. முதல் துணைவேந்தராக அமர்ந்தவர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், தமிழறிஞர் ஒருவர் பல்கலைக்கழகத் தலைமையில் அமர்ந்தது அந்த இருண்ட ஆண்டுகளில் தென்பாண்டி நாட்டுக்குக் கிடைத்த ஒளி எனலாம். 1967இல் ஆட்சி மாறியது. 1968 சனவரி 10இல் நெருக்கடி நிலை நீங்கியது. பதின்மூன்றே நாளில், சனவரி 23ஆம் நாள், சட்டமன்றம் கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. மும்மொழித் திட்டம் ஒழிக்கப்பட்டது. பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து இந்தி நீக்கப்பட்டது. மாணவர் படையில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடா என்றும் அத்தீர்மானம் கூறிற்று. திடலில் ஒலித்த சில சொற்களைப் பற்றி ஒரு நாட்டின் சட்டமன்றம் தீர்மானம் இயற்ற வேண்டியதாயிற்று எனில், அச்சொற்கள் எவ்வளவு ஆழமாகத் தைத்திருந்தன என்பது விளங்கும். அதே 1968இல் மாணவர் படையின் கட்டாயமும் நீங்கி, அது மீண்டும் விருப்பப் பயிற்சி ஆயிற்று. 1969 செப்தம்பர் 24இல் நாட்டு நலப்பணித் திட்டம் தோன்றியது. துப்பாக்கி ஏந்த வைத்த கையில் மண்வெட்டி தரப்பட்டது.

இதுவரை வெற்றிக்கதை. இதோடு நிறுத்திவிடுவோர் உண்டு. மேடைகளில் 1965ஐயும் 1968ஐயும் முழங்கிவிட்டு மாலை வாங்கிச் செல்வோர் நிறுத்துமிடம் இதுவே. ஆனால் அதே தீர்மானத்தில் இன்னொரு வரி இருந்தது: ஐந்தாண்டுக்குள் கல்லூரிகள் அனைத்திலும் தமிழே பயிற்றுமொழியாகும், ஆட்சியின் எல்லாத் துறையிலும் தமிழே ஆட்சிமொழியாகும். ஐந்தாண்டு என்றால் 1973. அவ்வாண்டு வந்தது, போயிற்று. அதன்பின் அரை நூற்றாண்டும் போயிற்று. உத்தமபாளையத்திலும் போடியிலும் பெரியகுளத்திலும் வேதியியலும் கணக்கும் வணிகவியலும் எந்த மொழியில் நடக்கின்றன? கோவை அரசு கலைக்கல்லூரியில் 1960இலேயே தமிழ்வழி இளங்கலை தொடங்கிற்று. முடியாது என்று கூறினார் வாயை அது அன்றே அடைத்திருக்க வேண்டும். 1970இல் கல்லூரிகளில் தமிழ்வழியைக் கொண்டுவர அரசு முனைந்தபொழுது எதிர்த்தவர் வடவரா? தமிழ் மாணவரே தெருவில் இறங்கி எதிர்த்தனர், அரசும் பின்வாங்கியது. ஐந்தாண்டுக்கு முன் இந்தியை எதிர்த்து நின்ற அதே தெருவில்! இந்திக் கட்டளை போயிற்று. ஆங்கிலக் கட்டளை வகுப்பறையில் தங்கிற்று. பிளெமியர் இருமுனையும் பிடித்தனர் என்றோமே, நாம் ஒருமுனையைப் பிடித்ததோடு களைத்துவிட்டோம். வேலை கிடைக்காது என்ற அச்சம் மாணவரை ஓட்டியது. அந்த அச்சத்தைப் போக்கத் தமிழில் படித்தவனுக்கு வேலை தந்திருக்க வேண்டியவர் அரசினர். தமிழ்வழி பயின்றோர்க்கு அரசு வேலையில் நூற்றுக்கு இருபது இடம் ஒதுக்கும் சட்டம் வந்ததோ 2010இல். நாற்பதாண்டு தாழ்த்தி!

இவ்வளவில் போர்க்காலம் கல்லூரியை விட்டுப் போய்விட்டதா என்றால், இல்லை. எல்லாவற்றினும் பெரிய மாற்றம் மூன்றாம் போரின் நிழலில் வந்தது. அதில் ஓசையும் இல்லை; ஊர்வலமும் இல்லை.

1971 திசம்பர் 3ஆம் நாள் பாக்கித்தானோடு போர் மூண்டது. அன்றே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 16ஆம் நாள் தாக்காவில் பாக்கித்தான் படை பணிந்தது. வங்காள தேசம் பிறந்தது. அந்நாட்டின் பிறப்பே 1952இல் உருதுத் திணிப்பை எதிர்த்து மாணவர் குருதி சிந்திய மொழிப்போரில் கருக்கொண்டது என்பதை இங்குக் கருதுக. அந்த மொழியுரிமைப் போருக்குத் துணைநின்ற நடுவணரசு, தன் நாட்டில் என்ன செய்தது? இரண்டு கிழமைப் போருக்காக அறிவித்த நெருக்கடி நிலையை 1977 மார்ச்சுவரை நீக்கவில்லை. 1975 சூனில் அதன்மேல் உள்நாட்டு நெருக்கடி நிலை ஒன்றையும் அடுக்கியது. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில் இருக்க, செய்தித்தாள்கள் வாய்மூடி இருக்க, 1976இல் அரசமைப்பின் 42ஆம் திருத்தம் நிறைவேறியது. அதில் ஒரு மூலையில், மாநிலப் பட்டியலில் பதினொன்றாம் பதிவாக இருந்த கல்வி எடுக்கப்பட்டு, பொதுப்பட்டியலில் இருபத்தைந்தாம் பதிவில் வைக்கப்பட்டது. 1977 சனவரி 3 முதல் அது நடப்புக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதனை எதிர்க்க ஆட்சியும் இல்லை. 1976 சனவரி 31ஆம் நாளே மாநில அரசு கலைக்கப்பட்டுவிட்டது. உரியவன் வீட்டில் இல்லாதபொழுது நடந்த பாகப்பிரிவினை இது!

1978இல் 44ஆம் திருத்தம் வந்தது. நெருக்கடி நிலையில் பறித்தவற்றுள் பலவற்றை அது திருப்பித் தந்தது. கல்வியையும் மாநிலப் பட்டியலுக்கே திருப்ப முன்மொழியப்பட்டது; மக்களவை ஏற்றது; மாநிலங்களவை ஏற்கவில்லை. மாநிலங்களின் பெயரைத் தாங்கிய அவையே மாநிலங்களின் உரிமையை மறுத்தது. 1963இல் திடலுக்கு வந்த கட்டாயத்தை நீக்க ஐந்தாண்டு போதுமாயிற்று. 1976இல் பட்டியல் மாறியதை நீக்க ஐம்பதாண்டும் போதவில்லை.

இதன் விளைவைப் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் இன்றும் சுமக்கின்றனர். தேனியில் 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. அதில் சின்னமனூர்ப் பிள்ளை சேரலாமா என்பதை அவள் பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண் முடிவு செய்யாது. 2017 முதல் நடுவண் தேர்வு ஒன்றே முடிவு செய்கின்றது. விலக்கு வேண்டித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021இல் இயற்றிய சட்டமுன்வரைவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்த செய்தி 2025 ஏப்பிரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. எட்டுக்கோடிப் பேரின் சட்டமன்றம் தன் கல்லூரி வாயிலைத் தானே திறக்கவும் மூடவும் ஒப்புதல் கேட்டு நிற்கும் நிலையின் வேர், இரண்டு கிழமைப் போர் ஒன்றின் பெயரால் ஐந்தாண்டுக்கு மேல் நீட்டிய ஆட்சியில் இருக்கின்றது.

மாணவர் படையும் வேறோர் உருவில் கல்லூரிக்குள் வருகின்றது. 2021இல் பல்கலைக்கழக நல்கைக் குழு, அப்படைப் பயிற்சியை மதிப்பெண் உடைய விருப்பப் பாடமாக ஏற்குமாறு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. விருப்பம் என்ற சொல் அதில் உள்ளது, நன்று. பட்டத்தின் கணக்கில் மதிப்பெண்ணாக ஏறும் ஒன்று இனி வெறும் மாலைநேரப் பயிற்சி அன்று, பாடம். பாடமாயின், அது எந்த மொழியில் நடத்தப்படும் என்று கேட்பது பாடத்திட்டக் குழுவினர் கடமை. ‘நேர் நில், தளர் நில், வலம் திரும்பு, இடம் திரும்பு, விரைந்து நட, நில்’: ஆறு கட்டளைக்கும் தமிழ் ஒரு நொடியில் சொல் தருகின்றது, ‘நில்’ என்பதற்கு ஓரசை போதும். 1968ஆம் ஆண்டுத் தீர்மானத்தின் படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, தேனி மாவட்டத்துக் கல்லூரிகளின் தமிழ்த்துறையினர் தத்தம் கல்லூரிக் குழுவில் இதனைக் கேட்கலாம். இன்று அவர்கள் வாயைக் கட்டும் பாதுகாப்புச் சட்டம் இல்லை.

பட்டியலை மாற்றுவது அவர்கள் கையில் இல்லை. அது நாடாளுமன்றத்தின் கையில். 2025 ஏப்பிரலில் தமிழ்நாட்டரசு மாநில உரிமைகளை ஆராய ஓய்வுபெற்ற நயனகர் குரியன் சோசப்பு தலைமையில் குழு அமைத்தது. குழுவின் ஏடு குழுவோடு நின்றுவிடாதிருக்க வேண்டுமாயின், தேனித் தொகுதியில் வாக்குக் கேட்டு வருவோர் ஒவ்வொருவரிடமும், எந்தக் கொடியோடு வரினும், கம்பத்திலும் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் கல்லூரியில் பிள்ளை வைத்திருப்போர் ஒரு வினா கேட்க வேண்டும்: பொதுப்பட்டியலின் இருபத்தைந்தாம் பதிவை மீண்டும் மாநிலப் பட்டியலின் பதினொன்றாம் பதிவாக்க நீர் தனியார் சட்டமுன்வரைவு கொண்டுவருவீரா, எப்பொழுது? விடையை எழுதி வாங்கிக்கொள்க. 1965இல் வானொலியில் தந்த வாய்மொழி சட்டமாக எத்தனை நாள் ஆயிற்று என்பது நமக்குத் தெரியும்.